ஏழாம் நாள் மதர்போர்டு

அதனால்தான் சொல்கிறேன் அக்கா, உங்கள் மகனைத் திட்டாதீர்கள். கேம் விளையாட கம்ப்யூட்டரைத் தானே கட்டப்போகிறேன் என்று இரண்டு மாதமாகக் காகிதமும் பென்சிலுமாக அலைகிறான், அவ்வளவுதானே? எங்கள் அண்ணன் அலைந்த அலைச்சலை நீங்கள் பார்த்ததில்லை.

அப்போது ஜார்ஜ்டவுனில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். படிப்புக்குத்தானே என்று நம்பி அப்பா ஆயிரத்து எண்ணூறு வெள்ளிப் பணம் தந்தார். கார் பந்தயம் ஓட்டத்தான் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அண்ணன் பட்டியல் போட்டான். மெமரியைக் கூட்டினால் சவுண்ட் கார்டு போகும். சவுண்ட் கார்டைச் சேர்த்தால் மெமரி குறையும். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் சவுண்ட் கார்டை அடித்துவிட்டான்.

“சத்தம் இல்லாம எப்படிண்ணே கார் ஓட்டுறது?”

“நீ வாயால போடு. சும்மாதானே கெடக்கு.”

நான் அன்றே பழக ஆரம்பித்தேன். அம்மா இருமல் மருந்து கொடுத்தாள்.

மதர்போர்டையும் மற்றச் சாமான்களையும் ஒரு சீனர் கடையில் வாங்கினான். கெட்டிருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவேன், எட்டாம் நாள் வந்தால் தேநீர் மட்டும்தான் தருவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். போட்டுப் பார்க்கலாமென்றால் பவர் சப்ளை இல்லை. அது கேசிங்கோடு, அதாவது கம்ப்யூட்டர் கூட்டோடு வருவது. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் முப்பது வெள்ளி குறைவு, ஆனால் சரக்கு வரவேண்டும் என்று காத்திருந்தான். சரக்கு வந்தது ஏழாம் நாள். அன்றைக்குச் சரஸ்வதி பூஜை.

கேசிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் ஃபெரியில் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. அதற்குள் அம்மா என் பள்ளிப் புத்தகங்களோடு அவனுடைய அட்டைப்பெட்டிகளையும் சாமி முன்னால் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூஜையையே முடித்திருந்தாள். வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?

“ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுத் திருப்பி வச்சிர்றேன்மா.”

“படிப்புச் சாமான்னு நீதானே சொன்ன? வச்சாச்சு லா. இப்ப எடுத்தா படிப்பு வருமா?”

கடை ஆறு மணிக்கு மூடும். அண்ணன் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான். அவன் பின்னாலேயே நானும் நடந்தேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் மணி பார்க்கத் தோன்றியது. எங்கள் நடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள்.

“எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டு வர்றேன். ஆறரை ஆகும். பூனை வந்தா தொரத்துங்க.”

அவள் கேட்டைத் தாண்டியதும் அண்ணன் பெட்டிகளைத் திறந்தான். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக மாட்டினான். பவர் சப்ளையின் காற்றாடி சுற்றியது. எல்லாம் சரி என்று போர்டிலிருந்து வரவேண்டிய ‘பீப்’ வரவில்லை. மெமரியைக் கழற்றி மாட்டினான். அப்போதும் இல்லை. முகம் செத்துப்போய், மதர்போர்டைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தான். கடைக்காரர் புதுப் பெட்டியை நீட்டினாராம். பொட்டு வைத்த இந்தப் பெட்டிதான் வேண்டும், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள் என்று இவன் அடம்பிடித்தானாம். அவர் இவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாற்றித் தந்திருக்கிறார்.

ஆறேகாலுக்குத் திரும்பி வந்து மாட்டியபோது ஒரே ஒரு ‘பீப்’. அக்கா, அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேவிட்டேன். மளமளவென்று எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, இருந்த இடத்திலேயே அடுக்கி வைத்தோம்.

மறுநாள் அம்மா தீபம் காட்டியபின் அண்ணன் எல்லோர் முன்னாலும் கம்ப்யூட்டரைக் கட்டினான். திரை எரிந்தது.

“பாத்தியா, சாமிகிட்ட வச்ச சாமான். மொத தடவையே ஓடுது” என்றார் அப்பா. அம்மா அதை எங்கள் வரிசை வீடுகள் முழுக்கச் சொன்னாள். இரண்டு வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷம் தங்கள் டிவியையும் பூஜையில் வைப்பதாக முடிவு செய்தார்கள். அண்ணன் சைக்கிள் மிதித்த கணக்கு மட்டும் யாருக்கும் தெரியவில்லையே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவே இல்லை.

“தெரியும் லா. கடைக்காரன் ஆறு மணிக்குக் கதவச் சாத்திருவான். சரஸ்வதி எங்க போயிரப் போறா?”

“அப்ப எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கலாம்லம்மா?”

“நான் எப்படிச் சொல்லுவேன்?”

கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருந்தால் அதுவும் பொய்தானே என்று அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட, அத்தனை வீட்டுப் படி ஏறி இறங்குவது அவளுக்கு ஏன் சுலபமாக இருந்தது என்பது பத்து வயதுக்கு எங்கே பிடிபடும்? தூறல் விழுகிறது அக்கா. கொடியில் துணி கிடக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன்.