சிவப்பு மார்க் போட்ட கடைவாய்ப்பல்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி ஸ்டேஷன் பக்கம் பல் கிளினிக் திறந்தேன். எக்ஸ்ரே மெஷின் கிடையாது. ஒரே நாற்காலி, ஏகப்பட்ட தன்னம்பிக்கை. வந்தவர்கள் விரல் வைத்துக் காட்டும் பல்லைப் பிடுங்குவேன். வலி அவர்களுடையது, இடமும் அவர்களுக்குத்தானே தெரியும் என்று நினைப்பு. நாலு மாசம் இப்படியே வண்டி ஓடியது.

ஐந்தாம் மாசம் கோதண்டம் வந்தார். பட்டாபிராம்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். பழுதான பீஸ் மேல் சிவப்பு மார்க் போட்டு ரிஜெக்ட் செய்வதுதான் வேலை. வாயைத் திறந்தார். வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் பளிச்சென்று சிவப்பு.

"என்னங்க இது, ரத்தமா?"

"பொண்ணோட நெயில் பாலீஷ், டாக்டரம்மா. கர்ச்சீப்பால தொடைச்சிட்டு நானே மார்க் போட்டுகினு வந்தேன். நீங்க வேற எதையாச்சும் புடுங்கிட்டீங்கன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. அஞ்சு வருஷம் படித்தவள் நானா, இவரா?

அவருக்கு இடது பக்கம் ஏற்கெனவே காலி. வலது கீழ்வரிசையில் அரைப்பதற்கு அந்த ஒரு பல்தான் மிச்சம். அதுவும் போனால் மனுஷனுக்கு ஆயுசுக்கும் ரசஞ்சாதம்தான். தட்டிப் பார்த்தேன். சொத்தை இல்லை, ஆட்டமும் இல்லை. "நல்லாத்தானே இருக்கு?" என்று இழுத்தேன்.

"இருவது வருசம் சர்வீசு. நான் ரிஜெக்ட் பண்ணா ரிஜெக்ட்தான்!"

அந்தக் குரலுக்கு நான் பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. கீழ்த்தாடையில் ஊசி போட்டேன். பத்து நிமிஷத்தில் உதடு மரத்தது. பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸைப் பல்லில் வைத்தேன். அவர் கையை ஆட்டினார்.

"உதடு எங்க கீதுன்னே தெர்ல. ஆனா வலி மட்டும் அப்டியே கீதே!"

கீழே மரத்த பிறகும் வலிக்கிறதென்றால் வலி அங்கே இல்லை. ஃபோர்செப்ஸைத் தட்டில் போட்டேன். காலேஜில் பாதித் தூக்கத்தில் கேட்ட பாடம் அப்போதுதான் விழித்துக்கொண்டது. முகத்தின் வலி, வாயின் வலி எல்லாம் மூளைத்தண்டில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன. மேல்பல்லின் நரம்பும் கீழ்ப்பல்லின் நரம்பும் பல சமயம் அங்கே ஒரே நரம்பு செல்லுக்குத்தான் சேதி சொல்கின்றன. அந்தச் செல் மேலே தகவல் அனுப்பும்போது, வலி எந்தப் பல்லில் என்று மூளைக்குப் பிரித்துத் தெரிவதில்லை. அதனால் மேல்பல் வலியைக் கீழ்ப்பல் மேல் போட்டுவிடும். வலது, இடது மட்டும் அநேகமாக மாறாது.

பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொன்னேன். சிவப்புப் பல்லுக்கு நேர் மேலே இருந்த பல்லில் ஒரு துண்டை வைத்ததுதான் தாமதம், கோதண்டம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அங்கே ஊசி போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் முகம் தெளிந்தது.

"அது எப்டி? வலிச்சது கீழதானே?"

"உங்க ஃபேக்டரில பத்து ஷெட் கம்ப்ளெயின்ட்டும் ஒரே கிளார்க்கிட்ட போகுதுன்னு வைங்க. அவர் ஷெட் நம்பரை மாத்தி எழுதிட்டாரு."

"அட, அந்த மாரி ஒருத்தன் எங்களாண்டயும் கீறான்!"

பிறகு அம்பத்தூருக்கு எக்ஸ்ரேவுக்கு அனுப்பி, நாலைந்து தடவை வரவழைத்து, அந்த மேல்பல்லின் நரம்பை எடுத்து அடைத்தேன். இரண்டு பல்லும் பிழைத்தன. ஆனால் நெயில் பாலீஷை அழிக்க அந்த முதல் நாள் அவர் என்னை விடவில்லை. "ரிஜெக்ட் மார்க்கை போட்டவன்தான் அழிக்கணும்" என்று கண்ணாடி வாங்கி, மரத்த வாயில் எச்சில் ஒழுக ஒழுக நகத்தால் சுரண்டி எடுத்தார். நான் சிரித்து முடிப்பதற்குள் கேட்டார்.

"தப்பா ரிஜெக்ட் பண்ண பீஸை எங்களாண்ட திரும்ப எடுத்துக்கலாம். உங்களாண்ட?"

"முடியாது" என்றேன்.

சொல்லும்போதே, முதல் நாலு மாசத்தில் வந்த வெள்ளானூர் அம்மா ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். காட்டிய பல்லைப் பிடுங்கி அனுப்பினேன். அடுத்த வாரம் அதே வலியோடு வந்தார். "பக்கத்துப் பல்லும் கெட்டுப்போச்சும்மா" என்று அதையும் எடுத்தேன்.

அதன் பிறகு ஐஸ் வைத்துப் பார்க்காமல் நான் ஃபோர்செப்ஸைத் தொட்டதில்லை. 'ஐஸ் டாக்டர்' என்று ஊரே கிண்டல் செய்தது, செய்யட்டும். இளம் டாக்டர்களே, நோயாளி காட்டும் இடத்தை நம்புங்கள், ஆனால் சோதித்துவிட்டு நம்புங்கள். அந்த வெள்ளானூர் அம்மா மூன்றாவது தடவை வரவில்லை. குணமாகிவிட்டது என்று அப்போது நான் சந்தோஷப்பட்டேன்.