ராசியான தகடு

எங்கள் சோதனைக்கூடத்தில் அவரைக் களிமண் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். குண்டு துளைக்காத சட்டைக்குள் வைக்கிற பீங்கான் தகட்டை, களிமண் அடைத்த பெட்டிக்கு முன்னால் கட்டிவைப்போம். நான் சுடுவேன். தகடு நொறுங்கும், நொறுங்கித்தான் குண்டின் வேகத்தைத் தின்னும். பின்னால் களிமண்ணில் எவ்வளவு குழி விழுந்திருக்கிறது என்று அக்கா அளந்து சொல்வார். அந்தக் களிமண்தான் மனுஷ நெஞ்சு. குழி ஆழமென்றால் ஆள் அவுட். அதை வாசிக்கிற அக்காவின் குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. "உங்களுக்குக் கல்லு மனசுக்கா" என்று சீண்டினால், "இல்லப்பா, களிமண்ணு" என்பார்.

அவருடைய தம்பி ராணுவத்தில் இருந்தான். அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நெஞ்சுலயே ஒரு குண்டு! தகடு தாங்கிடுச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல!"

நாங்கள் கைதட்டினோம். அக்கா கைதட்டவில்லை.

"அந்தத் தகட்டைத் திருப்பிக் குடுத்துட்டியா?"

"எதுக்கு? புதுசு தரேன்னாங்க, வேணாம்னுட்டேன். இது ராசியான தகடுக்கா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடிபட்ட தகடு துணி உறைக்குள் முழுசாகத்தான் தெரியும், உள்ளே சுக்குநூறு. அக்கா காலையில் நான் சுட்ட தகடு ஒன்றைக் கழிவுத் தொட்டியிலிருந்து எடுத்துவந்து போனுக்குப் பக்கத்தில் குலுக்கினார்.

"கேக்குதா?"

"ஏதோ கலகலங்குது."

"உன் நெஞ்சுல இப்ப இதான் இருக்கு. போய் மாத்து."

"சரிக்கா, மாத்திடறேன், போதுமா?" என்று சிரித்தான். சின்ன வயதில் பல் தேய்த்தாயா என்று கேட்டாலும் இப்படித்தான் சிரிப்பானாம். அக்கா மறுபடி மறுபடி போன் போட்டுப் பார்த்தார். லைன் கிடைக்கவே இல்லை.

பிறகு உடம்புதான் வந்தது. அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். வாய்விட்டு அழச் சொல்லிச் சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள். "வரலையே, என்ன பண்ண?" என்றார். எனக்கும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அடக்கம் முடிந்த கையோடு வேலைக்கு வந்து களிமண் பிசைந்தார்.

சாகும்போது அவன் போட்டிருந்தது பழைய தகடா, புதுசா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தம்பியோடு வேலை பார்த்தவனிடம் கேட்டு எழுதினார். அவன் நல்லவன், அந்தத் தகட்டையே எப்படியோ வாங்கி அனுப்பிவிட்டான். பார்சலைப் பிரிக்க அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

உறையில் குண்டு போன ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. அதைக் கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்து மூடியிருந்தது.

அக்கா அந்தத் தையலை விரலால் தடவினார்.

"மாத்தல. தச்சிருக்கான்" என்றார், குழியின் ஆழத்தை வாசிக்கிற அதே குரலில்.