ஓட்டை போட்ட டிஸ்க்

கார் உதிரிபாகக் கடையில் பில் போடும் வேலைக்குத்தான் அவள் சேர்ந்தாள். அப்போது வயது இருபத்திரண்டு. கவுண்டரில் நின்ற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட, வேறு வழியில்லாமல் முதலாளி அவளை அங்கே நிறுத்தினார். அடுத்த ஆள் கிடைக்கும்வரை என்றுதான் பேச்சு. இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது. எந்த வண்டிக்கு எந்த வருடம் எது மாறியது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கடைக்கு நிஜக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே மெக்கானிக்குகள் அவளுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கேட்பார்கள், ஆனால் நம்பமாட்டார்கள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லையா?" என்பார்கள். அவர் வந்து, அவளிடமே விசாரித்து, அதையே திருப்பிச் சொல்வார். உடனே தலையாட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். முதலில் சுருக்கென்றிருந்தது. போகப் போக மரத்துவிட்டது.

அண்ணன் விஷயத்தில் மட்டும் மரக்கவில்லை.

அவன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வண்டியோடு வந்தான். தினமும் காலையில் அண்ணியை அவள் வேலை பார்க்கும் பள்ளியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து அலுவலகம் போகிறவன். நெரிசலான சாலை, நடுவில் ஒரு நீளமான மேம்பாலம். ஒரு நிமிடத்துக்கு நாலு தரம் பிரேக்கில் கால் வைக்க வேண்டிய வழி.

"பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் உதறுது. முன்சக்கர டிஸ்க்க மாத்தணுமாம். என்ன வச்சிருக்க?"

பக்கத்து டயர் கடைக்காரர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றித் தந்தார். அவள் குந்தி உட்கார்ந்து, பிரேக் பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் அந்த டிஸ்க் தட்டின் தடிமனை அளந்தாள்.

"இருபது மில்லிக்குக் கீழ போகக் கூடாதுன்னு இதுலயே குத்தியிருக்கு, பாரு. உன்னோடது பத்தொம்பதரை. லேத்துல கடைஞ்சு போடவும் வழியில்ல. புதுசுதான்."

கவுண்டருக்கு வந்து இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தாள். ஒன்று சாதாரண டிஸ்க். இன்னொன்றும் அதேதான், ஆனால் ஓரத்திலும் நடுவிலும் துருப்பிடிக்காமல் சாம்பல் பூச்சு பூசியது.

"உனக்கு இந்தப் பூச்சு போட்டது போதும். ரெண்டு பக்கமும் சேத்து மாத்து. பழைய பிரேக் பேட வச்சு ஓட்டாத, அதையும் மாத்திடு. மொத ரெண்டு வாரம் திடீர்னு அழுத்தாம பதமா புடி."

அண்ணன் பெட்டிகளைத் தொடவேயில்லை. "ஓட்டை போட்டது இருக்காமே. சூடு ஏறாதாம். கராஜ்காரன் சொன்னான்."

கராஜ்காரன் என்பவன் அண்ணனுடன் பள்ளியில் படித்தவன். பேச்சில் எட்டு ஊரை வாங்கி விற்பவன்.

"அது பந்தயத்துக்கு ஓட்டுறவங்க சமாச்சாரம் அண்ணா. ஆபீஸ் போற வண்டிக்கு எதுக்கு? அந்த ஓட்டை ஓரத்துலதான் மொதல்ல விரிசல் விடும். நல்ல கம்பெனி போட்டதுன்னா கொஞ்ச நாள் தாங்கும். மத்தது வேண்டவே வேண்டாம்."

"நீ கார் ஓட்டியிருக்கியா?"

அவளிடம் இருந்தது பஸ் பாஸ்தான்.

"கவுண்டர்ல நின்னு பெட்டிய எடுத்துக் குடுக்குறவ. எனக்குப் பாடம் எடுக்குற" என்றான் சிரித்துக்கொண்டே. டயர் கடைக்காரரும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டார். அண்ணன் எதுவும் வாங்காமலே கிளம்பிவிட்டான். அவள் இரண்டு பெட்டிகளையும் மூடி இருந்த இடத்தில் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து, மேம்பாலத்தின் இறக்கத்தில் அண்ணனின் வண்டி நடுச்சுவரில் போய் மோதியது. முன்னால் போன வேன் நின்றபோது அவன் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறான். படீரென்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தாவில் அண்ணியின் வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. அண்ணியின் அப்பா எழுந்து வந்தார்.

"கூடப் பொறந்தவனுக்கே மட்ட சரக்கு கொடுத்து அனுப்புவியாம்மா?"

அவளுக்குப் புரியவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க கடையில வாங்குன டிஸ்க்குதான் உடைஞ்சதுன்னு மாப்பிள்ளை சொல்றாரு. தங்கச்சி கடைதானேன்னு நம்பிப் போனாராம்."

"நான் எதுவும் குடுக்கலைங்க" என்றாள். அதற்கு மேல் பேசுமுன் அம்மா வந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

மறுநாள் நசுங்கிய வண்டியை இழுத்துப் போட்டிருந்த இடத்துக்கே போனாள். சக்கரத்துக்குள் டிஸ்க் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஓட்டைகள் ஒன்று போல் ஒன்று இல்லை. உள்ளே காற்றுப் போக வைத்திருக்கும் தடுப்புகளின் மேலேயே சில இடங்களில் துளை விழுந்திருந்தது. விரிசல் ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு ஓடியிருந்தது. கம்பெனி முத்திரை, எண் எதுவும் இல்லை. யாரோ ஒரு லேத் பட்டறையில் மலிவான டிஸ்க்கைக் கொடுத்து ஓட்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள். கராஜ்காரனைத் தவிர வேறு யார்?

உடைந்த துண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போனாள். துண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

அம்மா அதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும். அன்னிக்கே எங்கிட்ட உண்மையச் சொல்லிட்டான். அவங்ககிட்ட பயத்துல ஒளறிட்டான். மாமனார் வீட்டுக்கு முன்னாடி அவனத் தலகுனிய வச்சிடாதடி."

"நான் குனியலாமா?"

"உனக்கென்ன, நீ தனி ஆளு. அவனுக்குக் குடும்பம் இருக்கு."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வாரமே அண்ணியின் அப்பா கடைக்கு வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். முதலாளி மூன்று மாத பில்லையும் புரட்டி, அப்படி ஒரு விற்பனையே நடக்கவில்லை என்று காட்டினார். "சொந்தத் தங்கச்சி பில்லு போட்டா குடுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார் அவர். வாங்க வந்த நாலு பேர் வாங்காமல் நழுவினார்கள்.

முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார். "உன் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா பேச்சு பரவிடுச்சு. கொஞ்ச நாளைக்கு உள்ள சரக்கறையப் பாத்துக்கோ." கவுண்டருக்குப் புதிதாக ஒருவர் வந்தார். பாக எண் கேட்க அவர் மணிக்கொரு தரம் சரக்கறைக்கு ஓடி வந்தார்.

அண்ணி வீடு திரும்பியதும், அண்ணன் அலுவலகம் போயிருக்கும் நேரம் பார்த்து அவள் போனாள். நீட்டிய காலுடன் அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். இவள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லித் துண்டையும் காட்டினாள். அண்ணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கராஜ்ல மாத்துனப்போ நானும் கூடத்தான் இருந்தேன்" என்றாள் கடைசியில்.

"அப்ப உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா என்னை அங்க கூட்டிட்டுப் போயிடுவாரு. இந்தக் காலோட, ரெண்டு பிள்ளைங்களோட, அங்க எத்தன நாளைக்கு? நான் இவர்கூடத்தானே இருந்தாகணும்." பிறகு, "நீ தாங்குவன்னு நெனச்சோம்" என்றாள்.

நெனச்சோம் என்றாள். நெனச்சேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்தான் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவளைக் குத்திக்கொண்டே வந்தது.

அவள் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. அம்மா போனில் பேசினால் உடம்பை விசாரிப்பாள். அண்ணன் பேச்சு வந்தால், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுவாள். ஏழு மாதம் கழித்து, புது ஆளுக்குச் சமாளிக்க முடியாமல் முதலாளி அவளைத் திரும்பக் கவுண்டருக்குக் கூப்பிட்டார். அவள் வரமாட்டேன் என்றாள். காரணம் கேட்டதற்கு, உள்ளே நிழலாக இருக்கிறது, போதும் என்றாள்.