ஆறு எழுத்துப் பூ

லண்டன் லூயிஷாம் சந்தையோரப் பூக்கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். இந்த ஊரில் இறந்தவரை அழைத்த சொல்லைப் பூவால் எழுதிச் சவவண்டியில் வைப்பார்கள். பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர், நாளை தகனமாகும் மனைவிக்கு ‘ஷட்ஸ்’ (Schatz) என்ற ஆறெழுத்து ஜெர்மன் சொல்லைக் கேட்கிறார்.

“அப்படின்னா என்ன அண்ணாச்சி?”

“புதையல், தம்பி. ஆதியில காசையும் மாட்டையும் குறிச்ச சொல்லாம். இப்ப அங்க புருசன், பெண்சாதி, பிள்ளை எல்லாருக்கும் அதுதான். கொஞ்சினால் ஷட்ஸி.”

“நாங்களும் தங்கம்னுதானே கொஞ்சுவோம்!”

அவர் சிரிக்கவில்லை. “முந்தி ஜெர்மனியில இருக்கேக்க மனுசி பேக்கரி வேலைக்குப் போய்ப் பழகின சொல். கடைசிமட்டும் என்னை அப்பிடித்தான் கூப்பிட்டவ. எனக்கு வெக்கம். ‘இஞ்சரும்’, இஞ்ச பாரும் எண்டதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளையள் ‘அம்மா’ எண்டு போடச் சொல்லுகினம். சனம் சிரிக்குமாம்.”

கடைசி எழுத்தான இஸட்டுக்கு (Z) மட்டும் பூச்செருகும் சட்டம் இல்லை; யாரும் கேட்பதில்லையாம். கடைக்காரப் பெண் ‘N’ எழுத்துச் சட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பி இஸட்டாக வைக்கிறாள். இதை எப்படிச் சொல்வது என்று அவரிடம் கேட்கிறாள்.

அவர் வாய்விட்டுச் சொல்கிறார். பிறகு என் பக்கம் திரும்புகிறார்.

“நான் இதைச் சொல்லுறது இதுதான் முதல்தரம், தம்பி.”