மேஸ்திரி பொறுக்கிய எரிமலைக் கல்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கறுப்புக் கல் வைத்திருக்கிறேன். உடம்பெல்லாம் துளை, கையில் எடுத்தால் எடையே இருக்காது. பார்ப்பவர்கள் எங்கள் உலைக் கசடு என்றுதான் நினைக்கிறார்கள். பாலித் தீவு எரிமலையில் எங்கள் மேஸ்திரி பொறுக்கியது அது.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் எனக்கு மூன்று இரும்பு வார்ப்படப் பட்டறைகள். எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் உலையை நானும் மேஸ்திரியுமே கட்டினோம். அதன்பின் இருபத்தைந்து வருடம் நான் ஆர்டர் பிடித்தேன். அவர் மணல் அச்சுகளை உடைத்து வார்ப்புகளை வெளியே எடுத்தார். அந்தத் தூசியில் பக்கத்து ஆள் முகம் தெரியாது.

சரக்கு வாங்கும் கம்பெனி ஒருமுறை எங்களைப் போன்றவர்களைப் பாலிக்கு அழைத்துப்போனது, ஆளுக்கு இரண்டு டிக்கெட். என் மனைவி விமானம் ஏற மாட்டேன் என்றுவிட்டாள், மேஸ்திரியைக் கூட்டிப்போனேன். எந்த முதலாளி செய்வான்? ஒரு நாள் முழுக்க எரிமலை ஏற்றம். வழிகாட்டிய பெண் ஆளுக்கொரு மூங்கில் தடி தந்தாள். மேஸ்திரி அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, ஜென்மம் பூரா நெருப்பாண்டயே நின்னுகினு இருந்தேன். லீவு வுட்டு அதையே காட்றதுக்கா கூட்டினு வந்த?"

பாதி மலையில் அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். அறுபது தாண்டிய நான்தான் எல்லோருக்கும் முன்னால். "யோவ் மேஸ்திரி, கெழவிங்க கூட உன்னத் தாண்டிப் போறாங்கய்யா!" என்று கத்தினேன். தடிமேல் இரண்டு கையையும் ஊன்றி, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலமாகியிருந்தது.

அவர் இருமல் எனக்குப் புதிதல்ல. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கம்பெனி கேட்ட மருத்துவப் பரிசோதனையில், நுரையீரலைச் சோதிக்கக் குழாயில் மூச்சை ஊதும் இடத்தில் அவர் பெயரில் வேறொருவனை ஊத வைத்தேன். "ஃபெயிலானா உன்ன வாட்ச்மேனா கேட்ல குந்த வெச்சிருவானுங்க" என்றேன். அவருக்கும் அந்தப் பயம்தான். "அவனையே ஊதச் சொல்லு அண்ணாத்த" என்றார். ஆர்டரும் போகவில்லை, ஆளும் போகவில்லை என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மலையில் யாரை ஊத வைப்பது?

தோளில் தாங்கி இறக்கினேன். வழியில் குனிந்து இந்தக் கல்லை எடுத்தார். "நம்ம கசடேதான். இங்கயும் லாரி வெச்சிக் கொட்டினியா?" சிரிப்பு பாதியிலேயே இருமலானது.

ஊர் திரும்பியதும் நுரையீரலைப் படமெடுத்தார்கள். மணல் தூசி உள்ளே தழும்பாகிவிட்டது, இனி ஆறாது என்றார் டாக்டர். முன்பே தெரிந்திருந்தால் அவரைத் தூசியிலிருந்தாவது விலக்கியிருக்கலாமாம்.

இப்போது பிள்ளைப்பாக்கத்தில் அவர் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. நான் வாங்கிக் கொடுத்ததுதான், இருப்பதிலேயே உசத்தி. கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு எட்டடி. நடுவில் உட்கார்ந்து போக ஒரு நாற்காலி. நேற்று அதில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "மலை ஏறினு கீறேன்" என்றார்.

இன்று என் மேசையில் அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பவை இந்த வருடத்துப் பரிசோதனைத் தாள்கள். எல்லோரும் தேறியிருக்கிறார்கள். யார் ஊதியது என்று நான் கேட்கவில்லை.