ஐம்பத்தொன்றும் ஐம்பத்துமூன்றும்

டைப்ரைட்டர் சேர்ப்பது என் பைத்தியம். தாம்பரத்தில் எங்கள் ஃபிளாட்டில் ஒன்பது இருக்கின்றன. "பத்தாவது உள்ளே வந்தா நான் வெளியே" என்று மனைவி எச்சரித்திருந்தாள். அப்படியும் போன ஆவணியில், படப்பை பழைய இரும்புக்கடைக் குவியலுக்குள் ஒன்று கண்ணில் பட்டதும் கால் நின்றுவிட்டது. குனிந்து, கைக்குட்டையால் துடைத்து, வரிசை எண்ணைப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் ஐம்பத்துமூன்று.

"இன்னா சார், பேயைப் பாத்தா மாரி நிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

பேய்தான். வீட்டில் இருப்பதில் ஒன்று ஐம்பத்தொன்று. மூன்று வருஷத்துக்கு முன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. முன்னால் உள்ள இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றே. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், தாம்பரத்து இன்ஸ்டிட்யூட் ஒன்றில் இவை பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தன. ஐம்பத்தொன்றில் நான். ஐம்பத்துமூன்றில் என் அக்கா.

இன்ஸ்டிட்யூட் மூடி எந்தக் காலமோ ஆயிற்று. அதற்கப்புறம் இவை எந்தெந்த வாசலில் கிடந்தனவோ, யார் யார் கைக்குப் போயினவோ! ஜி.எஸ்.டி. ரோடில் ஆளில்லாத நேரம் பார்த்து இரண்டும் மெதுவாக ஒன்றையொன்று தேடி நடந்து வருவதாக எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. லூசுத்தனம்தான். ஆனால் தோன்றுகிறது.

உட்காரும் முன் மிஷினைத் துடைக்க வேண்டும் என்பது எங்கள் மாஸ்டரின் சட்டம். துடைத்துத் துடைத்து எண் மனப்பாடமாகிவிட்டது. வீட்டில்கூட அக்காவை "ஏய் ஐம்பத்துமூணு" என்றுதான் கூப்பிடுவேன், உதை வாங்குவேன். காலை ஏழு மணி வகுப்பில் வெயில் சாய்வாக விழும். இருபது மிஷின் ஒன்றாக அடிக்கும் சத்தத்தில் எனக்குத் தூக்கம் சொக்கும். என் மிஷினில் இங்கிலீஷ் 'ஏ' எழுத்து அடித்தால் எழுந்திருக்காது. விரலால் தூக்கிவிட வேண்டும்.

டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்கு மிஷினையும் நாங்களே கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றுக்கும் ரெக்ஸின் உறை போட்டு, உறைமேல் பெயின்டில் நம்பர் எழுதி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். ஹாலில் என் உறையைக் கழற்றி, வழக்கம்போலத் துடைத்தேன். உள்ளே இருந்தது ஐம்பத்துமூன்று. அப்படியானால் என் ஓட்டை மிஷின் இரண்டு வரிசை தள்ளி அக்காவிடம்.

கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. மணி அடித்தது, அடிக்க ஆரம்பித்துவிட்டேன். வெண்ணெயாக ஓடியது.

நான் பாஸ். அந்தச் சான்றிதழால் ஆபீஸ் வேலை கிடைத்தது. அக்கா ஃபெயில். தையில் கல்யாணம் முடிந்து கேளம்பாக்கம் போனாள், மறுபடி எழுதவில்லை. அவள் வேலையை நான்தான் தின்றேன் என்ற குற்ற உணர்ச்சி ஒவ்வொரு சம்பள நாளிலும் குத்தியது. வாய்விட்டுச் சொல்ல ஒருநாளும் தைரியம் வரவில்லை.

ஐம்பத்துமூன்று கையில் வந்த பிறகு தப்பிக்க வழியில்லை. அடுத்த ஞாயிறு இரண்டையும் காரில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வண்டலூர் தாண்டியதும் தூறல் பிடித்தது. கண்ணாடியில் தண்ணீர் இறங்க, ரோடே கனவில் வருவது மாதிரி இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் வைத்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவள் ஐம்பத்தொன்றில் 'ஏ'யை ஒரு தட்டுத் தட்டினாள். "இந்தச் சனியன் இன்னும் எழுந்திருக்கலையா?" என்று சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி உறையை மாத்தினதே நான்தான்டா."

"என்னக்கா சொல்றே?"

"நீ ஒரு சொத்தை. நல்ல மிஷின் இல்லன்னா தேறமாட்டே. நான் எதுல அடிச்சாலும் பாஸுன்னு எனக்குக் கொழுப்பு. ஊரெல்லாம் கெட்டிக்காரின்னு பேர் வாங்கிட்டு, இதை எப்படி வெளியில சொல்றது? மானம் போயிடாது?"

எனக்கு வந்த கோபம்! "முப்பத்தஞ்சு வருஷம்க்கா! ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் மூஞ்சியைப் பாக்க முடியாம செத்துப் பிழைச்சிருக்கேன்."

"எனக்கு மட்டும் ஆறிடுச்சா? உன் ஆபீஸ் பேச்சு எடுத்தாலே அடுப்படிக்குப் போயிடுவேனே, கவனிச்சதில்ல?" அவள் சிரிப்பு நின்றிருந்தது.

பிறகு ஐம்பத்துமூன்றைத் தன் பக்கம் இழுத்து, புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தாள். பேரன் நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"உன் மிஷின்ல நீ, என் மிஷின்ல நான். பத்து நிமிஷம். ம், ஆரம்பி."

ஆரம்பித்தோம். முதல் வரியிலேயே என் 'ஏ' ஒட்டிக்கொண்டது. விரலால் தூக்கிவிட்டு நிமிர்ந்தேன். அக்கா நிற்கவில்லை, நான்காவது வரியில் போய்க்கொண்டிருந்தாள்.