பதினோரு அடியில் நல்ல தண்ணீர்

தண்ணீர் பவுசர் வண்டி ஓட்டுகிறவனுக்காக வழியெல்லாம் ஆட்கள் காத்து நிற்பார்கள்; ஒருவரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, குழாயின் வாயைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பரலை வீதியோரம் வைத்துவிட்டு வெயிலில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மன்னார்க் கரையில் கிணறுகள் நிறைய உண்டு. குடிக்க முடியாது என்பதால்தான் எனக்கு வேலை.

கடைசி வீடு

பாப்பாமோட்டைப் பக்கம் நான் தண்ணீர் கொண்டுபோகும் நடையில் கடைசி வீடு அந்தோனிப்பிள்ளை அண்ணையுடையது. தமிழ்நாட்டு அகதி முகாமில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, மனைவி றெஜினாக்காவோடு தகப்பனின் காணிக்குத் திரும்பியவர். மகள் ஜெசிந்தா இரண்டு பிள்ளைகளோடு இன்னும் முகாமில்தான். வீட்டு வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தால் சொல்லுங்கள், வருகிறோம், பரலுக்குப் பின்னால் பிள்ளைகளை நிறுத்தமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஆகவே அண்ணை அலவாங்கும் மண்வெட்டியுமாகத் தனியே கிணறு வெட்டத் தொடங்கினார். சுற்றியிருந்த கிணறுகள் எல்லாம் உப்பு. வரிசையில் நின்ற பெண்கள், இந்தியாவில் படித்த எஞ்சினியர் வந்திருக்கிறார் என்று பகிடி பண்ணினார்கள். நானும் என் பங்குக்கு, இந்த மண்ணில் நல்ல தண்ணீர் வந்தால் பவுசரை விட்டு இறங்கிவிடுகிறேன் என்றேன். அவர் இடுப்பளவு குழிக்குள் நின்றபடி சொன்னார்: "இறங்கத்தான் போறீர் தம்பி. வேற வேலை பாத்து வையும்."

பதினோரு அடி

சில கிழமைகளுக்குப் பின் போனபோது வாசலில் பரல் இல்லை. பதினோரு அடியில் வந்த தண்ணீர் என்று றெஜினாக்கா ஒரு செம்பை நீட்டினார். பவுசர்காரனுக்கு நாக்கும் ஒரு கருவி. எந்தக் கிணற்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் குழாயை இறக்குவோம். உப்புத் தண்ணீரில் சமைத்துச் சமைத்துத் தன் நாக்கை நம்ப முடியவில்லை, நீர் குடித்துச் சொல்லும் தம்பி என்றார். குடித்தேன். உப்பில்லை. இன்னொரு முறையும் குடித்தேன், தாகமில்லாமலே.

பகிடி பண்ணிய பெண்கள் குடத்தோடு வந்தார்கள். றெஜினாக்கா மகளுக்குப் போன் எடுத்து, வாளி தண்ணீரில் விழும் சத்தத்தைக் கேட்க வைத்தார். மாரிமழை முடிய வருகிறோம் என்றாளாம். அண்ணை என் தண்ணீர்ப் பட்டியலில் விரலை வைத்தார்: "எங்கட பேரை வெட்டிவிடும்."

இன்னும் மூன்று அடி

இந்தக் கரையில் மழை தந்த நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அதனால் கிணற்றை ஆழமாக வெட்டமாட்டார்கள். அண்ணை இளவயதில் கடலுக்குப் போனவர். முகாமிலிருந்து கூலிக்குப் போனதோ ஆழ்துளைக் கிணறு போடும் லொறியில். ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்பதுதான் அவர் அங்கே கற்றது.

ஒரு நாள் அந்த வழியால் போகும்போது வளவில் புது ஈரமணல் குவிந்திருக்கக் கண்டேன். இறங்கிச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஊரில் ஆட்கள் வெயிலில் நின்றார்கள். அடுத்த நடை பார்க்கலாம் என்று போய்விட்டேன். அடுத்த நடை வந்தபோது அவர் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தார். செம்பை வாங்கிக் குடித்துவிட்டுத் துப்பினேன், உப்பு. அவர் தானாகவே சொன்னார்: "இருக்கிற தண்ணி பேரப்பிள்ளையளுக்குக் காணாது எண்டு நினைச்சு இன்னும் மூண்டடி வெட்டிட்டன்."

செத்தவீட்டுக்கு ஒரு நடை

வெட்டிய மூன்று அடியையும் மணலால் மூடுங்கோ, தண்ணீர் அள்ளாமல் மாரி வரும்வரை விடுங்கோ, சில இடத்தில் திரும்பியிருக்கிறது என்று சொன்னேன். திரும்பும் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கே மணல் சுமக்கத் தொடங்கினார். இந்த முறை ஒருவரும் பகிடி பண்ணவில்லை. அதுதான் அவருக்குப் பகிடியைவிடக் கூடச் சுட்டிருக்கும்.

பாதி மூடியிருந்தபோது, ஒரு காலை, மணல் சுமக்கும் இரும்புத் தாச்சியைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஜெசிந்தாவிடம் கடவுச்சீட்டு இல்லை; ஊர் திரும்பும் பத்திரம் எடுக்க மாதங்கள் ஆகும். தகப்பனின் அடக்கப் பூசையைப் போனில்தான் கேட்டாள். செத்தவீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஒருவரும் கேளாமலே நான் ஒரு நடை கொண்டுபோனேன். வெட்டிய பெயரைப் பட்டியலில் திரும்ப எழுதியதை றெஜினாக்கா கண்டுவிட்டார்: "கிணறு இருக்கிற வீட்டுக்கு ஏன் தம்பி பவுசர்?"

ஒரு செம்பு

மிச்ச மணலை றெஜினாக்காவே சுமந்தார். சிறிய தாச்சி, மெதுவான நடை. கடைசித் தாச்சி கொட்டி ஒரு கிழமையில் மழை தொடங்கியது. நல்ல மழைதான்.

மாரி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். கிணற்றுக் கட்டில் போன் இருந்தது. அடுத்த முனையில் ஜெசிந்தா. செம்பை வாங்கிக் குடித்தேன். உப்பில்லை என்று ஒரு சொல் சொன்னால் மூன்று பேர் கடல் தாண்டி வருவார்கள். வந்து இந்தத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். உப்பு குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது என்றேன். றெஜினாக்கா செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனை எடுத்தார்: "குறைஞ்சிருக்காம் பிள்ளை. இன்னொரு மாரி பொறு."

பட்டியலில் திரும்ப எழுதிய அந்தப் பெயரை வெட்ட ஆசைப்படுவது பவுசர்காரனின் பிழைப்புக்கு நல்லதல்ல என்று தெரிந்தும், அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் வீதியை விட்டு வானத்தைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறேன்.